மலையில் நாய்க் குட்டி எடுத்து விற்க பதிவு வாங்குவது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டிலேயே ஒரு ஜோடி லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வைத்துக் குட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பெரிய கென்னல் வைத்திருப்பவர்களுக்குத்தானே லைசென்ஸ்? எங்களுக்கு எதற்கு?"

எண்ணிக்கை பெரிதா சிறிதா என்று சட்டம் பார்ப்பதில்லை. குட்டி எடுத்து விற்பதற்காக நாய் வைத்திருக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விலங்கு வதைத் தடுப்பு (நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை) விதிகளின்படி, மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவுச் சான்று இல்லாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. நமக்கு அது சென்னையில் உள்ள தமிழ்நாடு விலங்கு நல வாரியம். ப்ரீடர் (குட்டி எடுத்து விற்பவர்) என்று அந்த விதிகள் சொல்வதற்குள் குட்டியை வாங்கி விற்கும் இடைத்தரகரும் வருகிறார், ஊருக்குப் போகிறவர்களின் நாயைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் போர்டிங் கென்னல்காரரும் வருகிறார். இது பலருக்குத் தெரியாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் குட்டிகளைப் பதிந்து வாங்கும் தாள் வம்சாவளிக்கான சான்று. அது கிளப் தருவது, அரசு தருவதல்ல. மே மாதம் ஊட்டி நாய்க் கண்காட்சியில் பரிசு வாங்கிய நாயாக இருந்தாலும், கென்னலுக்குக் கிளப்பில் பெயர் பதிந்திருந்தாலும், வாரியத்தின் பதிவு தனியாக வேண்டும். நகராட்சியில் செல்ல நாய்க்கு எடுக்கும் உரிமமும் வேறு. அது நாய் வளர்ப்பதற்கு, குட்டி விற்பதற்கு அல்ல. தொழில் நடக்கும் இடம் என்ற வகையில் உள்ளாட்சியின் தொழில் உரிமம் உங்களுக்குத் தேவையா என்பதை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குன்னூர் அருகே வெலிங்டன் கன்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்புப் பகுதி) எல்லைக்குள் இருப்பவர்களுக்கு உள்ளாட்சி என்பது கன்டோன்மென்ட் வாரியம். பக்கத்திலுள்ள ஜெகதளா பேரூராட்சியில் போய் நின்று பயனில்லை.

விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது ஒரு நாள் வேலை. அதை நிரப்பும் தகுதிக்கு இடத்தையும் நாயையும் கொண்டுவர ஒரு வருடம் பிடிக்கலாம். அதனால் படிவத்தைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும். முதலில் நிலம்.

நிலம் யாருடையது

பதிவு ஆளுக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான். இரண்டு இடத்தில் நாய் வைத்திருந்தால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். ஆகவே எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்து, அந்த இடத்தின் மீது உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதற்குத் தாள் வைத்திருக்க வேண்டும். சொந்த நிலமென்றால் பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது. வாடகையென்றால் ஒப்பந்தம். "நாய் இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்த ஆட்சேபனை இல்லை" என்று உரிமையாளர் கையெழுத்திட்ட வரி அதில் இருப்பது நல்லது.

மலையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருப்பவருக்கு அந்த வீட்டின் மேல் வசிக்கும் உரிமைதான் உண்டு. எஸ்டேட் நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் அந்த முகவரியில் விண்ணப்பிக்காதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலத்தில் இருப்பவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். 1969ஆம் ஆண்டு ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் தீர்வாகாத நிலம் அது. பட்டா கிடையாது, புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்குவதும் எளிதல்ல. அப்படிப்பட்ட இடத்தில் கென்னல் கட்டப் பணம் போடுவதைவிட, தாள் சுத்தமாக உள்ள ஒரு சிறு இடத்தை வாடகைக்குப் பிடிப்பது மேல். படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) வீடுகள் சுவரோடு சுவராக வரிசையில் இருப்பதால் சட்டச் சிக்கல் இல்லாவிட்டாலும் குரைப்புச் சிக்கல் உண்டு. நான்கு பெரிய நாய் இரவில் குரைத்தால் வரிசை முழுக்கத் தூங்காது. ஊர்க்காரர் ஒருவர் புகார் எழுதினால் ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

புதிதாகக் கட்டுவதென்றால் மலைப்பகுதிக் கட்டட அனுமதி வேண்டும். தரையைச் சமன் செய்ய ஜேசிபி கொண்டுவருவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நீலகிரியிலும் சரி, கொடைக்கானலிலும் சரி. சரிவை வெட்டாமல், ஏற்கெனவே உள்ள கார் ஷெட்டையோ மாட்டுக் கொட்டகையையோ மாற்றிக் கட்டுவதுதான் பலருக்கும் ஒத்துவரும் வழி.

கொட்டகை

அறைக்கான குறைந்தபட்சத் தேவைகள் 2017 விதிகளில் உள்ளன. அதைப் பார்த்துவிட்டு அதற்கு மேல் கட்டுங்கள். லாப்ரடார் அளவுள்ள நாய்க்கு உள்ளறை 4க்கு 6 அடி, அதை ஒட்டி 4க்கு 12 அடி ஓடியாடும் இடம் இருந்தால் நாயும் நன்றாக இருக்கும், ஆய்வாளருக்கும் கேள்வி எழாது. தரை சிமென்ட்டாக இருக்கலாம். ஆனால் நாய் சிமென்ட்டில் படுக்கக் கூடாது. அரை அடி உயரத்தில் மரப்பலகைக் கட்டில் வையுங்கள். கடினத் தரை முழங்கை வீக்கத்துக்கும், மலையில் தரை வழியாக ஏறும் ஈரம் வயதான நாயின் மூட்டுவலிக்கும் துணை போகிறது. கழுவிய தண்ணீர் தேங்காமல் ஓட மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு போதும். அந்தத் தண்ணீர் செப்டிக் தொட்டிக்கும் உறிஞ்சு குழிக்கும் போக வேண்டும். பக்கத்து ஓடையில் விட்டால் கீழே இருக்கும் ஊரின் குடிதண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமியையும் புழு முட்டையையும் கலப்பதாகும். ஊற்றோ கிணறோ இருந்தால் குறைந்தது 30 மீட்டர் தள்ளித் தோண்டுங்கள்.

திறந்த பக்கம் எந்தத் திசை என்பது ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு மழை சாய்ந்து அடிக்கும். மேற்கும் தெற்கும் சுவராக இருக்கட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அங்கே கிழக்கை மூட வேண்டும். கொடைக்கானலிலும் வடகிழக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காலை வெயில் ஒரு மணி நேரமாவது உள்ளே விழும்படி அமைத்தால் பூஞ்சைப் படை பாதி குறையும். மூடுபனிக் காலத்தில் துணியும் கோணியும் காயாது. ஈரப் படுக்கையில் படுத்த நாய்க்கு வட்டப்படை வந்தால் கொட்டகை முழுக்கப் பரவி, கழுவிவிடும் ஆளின் கைக்கும் ஏறும். ஒரு நாய்க்கு மூன்று செட் படுக்கைத் துணி வையுங்கள்.

மேலே வலை போட்டே ஆக வேண்டும். பக்கவாட்டில் எட்டடி உயரம் வேலி போட்டு மேலே திறந்து விட்டால் அது சிறுத்தைக்குத் தடையே இல்லை. குன்னூர், கோத்தகிரிக் குடியிருப்புகளுக்குள் சிறுத்தை வருவது நாயைத் தேடித்தான். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடக்கூட வழி இல்லை. இரவில் எல்லா நாயும் கூரையும் கதவும் உள்ள உள்ளறையில் இருக்க வேண்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்து போடும்படி. தீனி மூட்டையைக் கோணியோடு வைக்காமல் மூடியுள்ள இரும்பு டிரம்மில் கொட்டி வையுங்கள். மிச்சச் சோறும் தீனி வாசனையும் கரடியையும் காட்டுப்பன்றியையும் வரவழைக்கும். கொடைக்கானல், காட்டெருமை சாதாரணமாகத் தெருவில் நடக்கும் ஊர். கம்பி வலை வேலிக்குக் கல்தூண் இல்லையென்றால் ஒரு முறை உரசினால் போதும், சாய்ந்துவிடும்.

காட்டோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமை உண்டு. டிஸ்டெம்பர் (நாய்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோய்), வெறிநோய் இரண்டும் நாயிடமிருந்து செந்நாய்க்கும் மற்ற காட்டு விலங்குக்கும் தாவும் நோய்கள். முதுமலை ஓரத்திலோ கொடைக்கானல் வனவிலங்கு சரணாலய ஓரத்திலோ தடுப்பூசி போடாத ஒரு நாயை அவிழ்த்துவிடுவது காட்டுக்குள் கிருமியை அனுப்புவதுதான். அது கடமானைத் துரத்திக் கடித்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக 1907இலேயே பாஸ்டர் நிறுவனம் குன்னூரில் தொடங்கப்பட்டது. அந்த மலையில் நாய் வளர்த்து விற்பவரின் ஒரு நாய்க்குக்கூட வெறிநோய் ஊசி விட்டுப்போயிருக்கக் கூடாது.

நோய் வந்த நாயைத் தனியே வைக்க ஓர் அறை வேண்டும். காற்றும் கழுவுநீரும் மற்ற நாய்களுக்குப் போகாத தூரத்தில், தனித் தட்டு, தனித் துடைப்பத்தோடு. விண்ணப்பித்தவர்கள் பலர் இதைக் கட்டாமல் விட்டுவிட்டு, "தேவைப்பட்டால் ஸ்டோர் ரூமில் வைப்போம்" என்று சொல்லி ஆய்வில் தடுமாறுகிறார்கள்.

குட்டி போடும் அறை

மலையில் குட்டிகள் சாவதற்கு நோயைவிடக் குளிர்தான் பெரிய காரணம். பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது, முதல் வாரத்தில் நடுக்கம்கூட வராது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் உறைநிலையைத் தொட்டு உறைபனி விழும். அந்த நேரத்தில் குட்டி வரும்படி இணை சேர்ப்பதை முடிந்தவரை தவிர்க்கலாம். நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள். அக்டோபரில் இணை சேர்த்தால் குட்டி உறைபனியில்தான் வரும்.

லாப்ரடார் அளவுக்குப் பெட்டி 4க்கு 4 அடி, ஒன்றரை அடி உயரச் சுவர். உள்சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, தரையிலிருந்து நாலு அங்குல உயரத்தில் சுற்றிலும் ஒரு கட்டை அடியுங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது சுவருக்கும் முதுகுக்கும் நடுவே மாட்டும் குட்டி அந்த இடுக்கில் பிழைத்துக்கொள்ளும். குட்டி படுக்கும் மட்டத்தில் வெப்பமானி வையுங்கள், சுவரில் மாட்டினால் உண்மை தெரியாது. முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டாம் வாரம் 27 முதல் 29, நான்காம் வாரம் முடிவில் 24 வரை இறக்கலாம். சூட்டு விளக்கு ஒரு மூலையில் மட்டும் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக இடம் வேண்டும், தாய்க்கும் குளிர்ந்த பக்கம் வேண்டும். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். மூலைக்கு ஒன்றாகச் சிதறிக் கத்தினால் சூடு அதிகம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போகும். விளக்கை இன்வெர்ட்டரில் இணையுங்கள், இல்லையென்றால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வையுங்கள். கரி அடுப்பு மட்டும் வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகை மனிதரையே கொன்றிருக்கிறது. தரை மட்டத்தில் கிடக்கும் தாய்க்கும் குட்டிக்கும் சத்தமில்லாமல் சாவு வரும்.

உடம்பு சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் ஊட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. 35 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் வயிற்றிலேயே கெட்டு, அல்லது நுரையீரலுக்குள் போய்க் குட்டி சாகும். முதலில் மெல்ல, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துச் சூடேற்ற வேண்டும். பிறகுதான் பால். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பிறந்த எடை ஏழு முதல் பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள், இறங்கினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த எடைக் கணக்கையும் பதிவேட்டிலேயே எழுதினால், குட்டி ஏன் இறந்தது என்று பின்னால் கேட்கும்போது பதில் கையில் இருக்கும்.

தாயின் கணக்கு

2017 விதிகளின் மையம் பெட்டை நாய்தான் என்பது என் வாசிப்பு. அவளுக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் குட்டி எடுக்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்குப் பிறகு கூடாது. தகப்பன், உடன்பிறப்பு என்று நெருங்கிய ரத்த உறவுக்குள் சேர்க்கக் கூடாது. இணை சேர்ப்பதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகக் கால்நடை மருத்துவர் பார்த்து, நலமாக இருக்கிறாள் என்று சான்று தந்திருக்க வேண்டும்.

இந்தப் பத்து நாளில்தான் நல்ல எண்ணத்தோடு செய்பவர்களும் தவறுகிறார்கள். பெட்டை ஹீட்டுக்கு (இணை சேரும் பருவத்துக்கு) வந்து ரத்தம் தெரிந்த நாளிலிருந்து சுமார் 10 முதல் 14ஆம் நாளுக்குள் பெரும்பாலும் கடுவனைச் சேர்க்கிறார்கள். நீளமுடி நாயில் முதல் சில நாள் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, தானே நக்கிச் சுத்தமாக்கிக்கொள்வாள். கண்டுபிடித்து, மருத்துவருக்கு நேரம் கேட்டு, குந்தாவிலிருந்தோ மன்னவனூரிலிருந்தோ பஸ் பிடித்து வந்து காட்டுவதற்குள் ஆறு நாள் போயிருக்கும். பிறகு பத்து நாள் காத்தால் பருவம் கடந்துவிடும். ஆகவே ஹீட் வந்த பிறகு ஓடாதீர்கள். பெரும்பாலான பெட்டைகளுக்கு ஆறு முதல் எட்டு மாதத்துக்கு ஒரு முறை ஹீட் வரும். போன தேதி பதிவேட்டில் இருந்தால் அடுத்தது எப்போது என்று தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்பே கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சல் சோதனை எல்லாம் முடித்துச் சான்றை வாங்கிவிடுங்கள். கடுவனுக்கும் சேர்த்துத்தான்.

எத்தனை நாய் வைக்கலாம் என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஓர் ஈற்றுக்கு அறை முன்னால் இரண்டு வாரம், பின்னால் எட்டு வாரம், ஆகப் பத்து வாரமாவது மாட்டிக்கொள்ளும். மூன்று பெட்டைகள் ஒரே கூரையில் இருந்தால் ஹீட்டும் சேர்ந்தே வருவது உண்டு. குட்டி போடும் அறை ஒன்றுதான் என்றால் ஒருத்தியை அந்த முறை விட்டுவிட வேண்டும். வீட்டோடு செய்பவருக்கு மூன்று பெட்டைக்கு மேல் வேண்டாம் என்பேன். ஐந்து ஈற்று முடிந்த தாயை என்ன செய்வீர்கள் என்பதற்கும் தொடங்கும்போதே பதில் வேண்டும். அவளுக்குக் கருத்தடை செய்து, சாகும்வரை வைத்துச் சோறு போடவோ நல்ல வீட்டில் சேர்க்கவோ வழி இல்லாதவர் முதல் ஈற்றே எடுக்கக் கூடாது.

எந்த இனம் என்பதில் மலைவாசிகள் ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் ஊட்டிக் குளிரில் சௌகரியமாக இருக்கும் என்பது சரி. வாங்குகிறவர் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் அல்லவா இருக்கிறார்? குட்டி பத்து வாரத்தில் கீழே இறங்கி, ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத சில அயல் இனங்களைத் தவிர்க்கச் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் மறுபரிசீலனைக்குப் போனது. விண்ணப்பிக்கும் அன்று நிலைமை என்ன என்று கால்நடை பராமரிப்புத் துறையில் கேட்டுவிட்டு இனத்தை எழுதுங்கள். மறுபக்கம், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் சமவெளிக்கான குறுமுடி நாய்கள். ஊட்டியில் வைத்துப் பெருக்குவதென்றால் குளிர்காலத்தில் பெரிய நாய்க்கும் சூடான அறையும் கூடுதல் தீனியும் தேவை.

விண்ணப்பமும் ஆய்வும்

இவ்வளவும் ஆன பிறகு படிவம். அது 2017 விதிகளின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கட்டணம் 5,000 ரூபாய், திரும்பக் கிடைக்காது. உடன் வைக்க வேண்டியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்: அடையாளச் சான்று, நிலத்துக்கான தாள், உள்ளாட்சியிடம் வாங்கிய கடிதம், அறைகளை அளவோடு குறித்த கையால் வரைந்த வரைபடம், ஒவ்வொரு நாயின் மைக்ரோசிப் (தோலடியில் வைக்கும் அடையாளச் சில்லு) எண்ணும் தடுப்பூசி அட்டையும், உங்கள் நாய்களைப் பார்க்க ஒப்புக்கொண்ட கால்நடை மருத்துவரின் கடிதம். நீலகிரியில் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் ஊட்டியில் இருக்கிறது. கொடைக்கானல், பண்ணைக்காடு, பூம்பாறை எல்லாம் திண்டுக்கல் மாவட்டக் கணக்கு. சென்னைக்கு அனுப்புவதற்கு முன் அங்கே ஒரு முறை கோப்பைக் காட்டுவது வீண்போகாது.

பதிவு தருவதற்கு முன் இடத்தைப் பார்க்க ஆள் வருவார்கள். படிவத்தில் எழுதியதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் அவர்கள் வேலை. நான்கு நாய் என்று எழுதிய இடத்தில் ஆறு இருந்தால், "அது தம்பி வீட்டு நாய்" என்ற விளக்கம் எடுபடாது. மைக்ரோசிப் வாசிப்பானை அவர்களே வைத்துப் பார்க்கலாம். 15 இலக்க எண்ணில் ஒன்று மாறினாலும் அது வேறு நாய். சிப் சில சமயம் தோள்பட்டை நடுவிலிருந்து தோலடியில் முன்கால் பக்கம் இறங்கிவிடும். வருவதற்கு முன்பே மருத்துவரிடம் எல்லா நாய்க்கும் ஒரு முறை வாசித்துப் பார்த்து, எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். வால் வெட்டிய டோபர்மேன் குட்டியோ காது வெட்டிய கிரேட் டேனோ இருந்தால் கேள்வி அங்கேயே வரும். அழகுக்காக வாலையும் காதையும் வெட்டுவது வதைதான், யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

பதிவேடு கனத்த அட்டை போட்ட, பக்க எண் உள்ள நோட்டாக இருக்கட்டும். நாய் ஒன்றுக்குத் தனிப் பக்கம். எங்கிருந்து வந்தது, பிறந்த தேதி, சிப் எண், ஹீட் தேதிகள், சான்று வாங்கிய தேதி, சேர்த்த தேதி, கடுவனின் சிப் எண், குட்டி போட்ட தேதி, உயிரோடு எத்தனை, இறந்தே எத்தனை, குடற்புழு மருந்து, ஊசி, விற்றவர் விவரம். இறந்த நாய்க்கு மருத்துவர் எழுதித் தந்த காரணத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை விற்றது, கொடுத்தது எல்லாவற்றையும் வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். நோட்டு ஒழுங்காக இருந்தால் அது அரைமணி நேர வேலை.

விற்கும்போது

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. முதல் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போடுவது. ஊசி போட்ட மறுநாளே அனுப்பினால் புது வீட்டின் பார்வோ கிருமிக்கு (குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் வைரஸ்) எதிராக அதற்கு ஒன்றும் உருவாகியிருக்காது. ஒன்பது, பத்து வாரத்தில் அனுப்புவது நல்லது. அடுத்த ஊசிகள் மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை, வெறிநோய் ஊசி 12 வாரத்தில். இதை வாங்குபவருக்கு எழுதியே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய நாயைக் கருத்தடை செய்யாமல் விற்க முடியாது, வாங்குபவர் பதிவு பெற்ற இன்னொரு ப்ரீடராக இருந்தால் ஒழிய. குட்டிக்குச் சிப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சீசனில் படகு இல்லத்துக்கு வெளியே கூடையில் வைத்து விற்பது விதிப்படியும் தவறு, குட்டிக்கும் கேடு. கடைக்காரருக்கு மொத்தமாகத் தள்ளுவதாக இருந்தால், அந்தக் கடைக்கு 2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி தனிப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சுற்றுலா வந்த இடத்தில் ஆசைப்பட்டுக் கேட்பவருக்கு அன்றே கொடுக்காதீர்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் யோசித்து, வீட்டில் எல்லோரும் சம்மதித்து, மறுபடி வரட்டும். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதை அவரிடம் முன்பே சொல்லுங்கள். குட்டிகளைப் பார்க்க வருபவரை ஆறு வாரம் ஆகும்வரை உள்ளே விட வேண்டாம். பிறகும் வாசலில் பிளீச்சிங் கரைசல் தட்டில் செருப்பை நனைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பார்வோ மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும், செருப்பில் ஏறி வரும். மலை இறங்கும் அன்று குட்டிக்குக் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பு கொஞ்சமாகத் தீனி கொடுத்து நிறுத்துங்கள். வயிறு நிறைந்த குட்டி வளைவுகளில் வாந்தி எடுத்தே களைத்துப்போகும். டாய் வகை எனப்படும் மிகச் சிறிய இனக் குட்டியென்றால் ரொம்ப நேரம் பட்டினியும் ஆகாது, சர்க்கரை இறங்கிச் சோர்ந்துவிடும். மேட்டுப்பாளையத்திலோ வத்தலகுண்டிலோ நிறுத்தித் தண்ணீரும் இரண்டு வாய் தீனியும் தரச் சொல்லி அனுப்புங்கள்.

பதிவு இரண்டு ஆண்டுக்குச் செல்லும். சான்றை வாசலில் தெரியும்படி மாட்டி வையுங்கள். முடியும் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். மழைக்காலத்தில் முடியும்படி தேதி விழுந்திருந்தால் இரண்டு மாதம் முன்பே அனுப்புங்கள். மண் சரிந்து மலைப்பாதை அடைத்தால் தபாலும் வராது, ஆய்வுக்கு ஆளும் வர முடியாது. இடையில் வீடு மாறினால் பழைய சான்று புது முகவரிக்குச் செல்லாது. புது இடத்துக்கு விண்ணப்பித்துப் பதிவு கைக்கு வரும்வரை பெட்டையைச் சேர்க்காமல் அந்த ஹீட்டை விட்டுவிடுங்கள்.